தோற்ற டீம் போனது மாவட்டத்துக்கு

2023 ஜூன் மாதம் பத்திரிகைகள் ஒரு விசயத்தை நாலைந்து நாள் எழுதித் தள்ளின. டெல்லியிலும் மத்தியப் பிரதேசத்திலும் நடந்த தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போகவில்லை. இருநூறு பேருக்கு மேல் போயிருக்க வேண்டியது. தகவல் அதிகாரிகள் மட்டத்திலேயே தங்கிவிட்டது. கட்சிகள் அறிக்கை விட்டன. அமைச்சர் வருத்தம் தெரிவித்தார், இனிமேல் இப்படி நடக்காது என்றார். கேட்டது நியாயம்தான். அந்தப் பிள்ளைகள் பட்ட வேதனை சின்னதல்ல.

அன்றைக்கு நான் இன்னும் வேலையில்தான் இருந்தேன். 32 வருசம் உடற்கல்வி ஆசிரியன், பசங்க வாயில் பி.டி. சார். செய்தியைப் படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஒரு காகிதம் மேலேயிருந்து கீழே வந்து சேராததால் பிள்ளைகளின் வாய்ப்புப் போவது இந்த நாட்டில் அன்றைக்குத்தான் முதல் முறையா? வருசா வருசம் ஜூலை, ஆகஸ்ட்டில் குறுவட்டப் போட்டி அறிவிப்பு வருகிறதே, அது எந்தப் பள்ளிக்கு உடனே போகும், எந்தப் பள்ளிக்குக் கடைசித் தேதி முடிந்த பிறகு போகும், எந்தத் தலைமையாசிரியர் மேசை டிராயரிலேயே மட்கும் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அதற்கு எந்தக் கட்சி அறிக்கை விட்டது? எந்த அமைச்சர் வருத்தப்பட்டார்?

இந்தப் போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று நம்மில் பல பேருக்குத் தெரியாது. படித்த தோழர்களுக்கே தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடிப்படி குறுவட்டம். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து ஒரு வட்டம். வருசத்துக்கு ஒரு பள்ளி பொறுப்பெடுத்து நடத்தும். 14 வயதுக்குள், 17 வயதுக்குள், 19 வயதுக்குள் என்று மூன்று பிரிவு. எங்கள் காலத்தில் ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர். ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் குடியரசு தினத் தடகளம். கபடி, கோகோ, வாலிபால் போன்ற குழு ஆட்டமெல்லாம் பாரதியார் தினப் போட்டி. (ஏன் பாரதியார்? அயோத்திதாசர் பேரிலோ இரட்டைமலை சீனிவாசன் பேரிலோ ஒரு பந்தைக்கூட இந்த அரசாங்கம் உருட்டியதில்லை. அது வேறு கதை.) குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அங்கே ஜெயித்தால் மாநிலம். அதற்கு மேலே தேசியப் போட்டி. அதை நடத்துவது 1954இல் தொடங்கப்பட்ட இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு.

சரி, பசங்க ஓடிப் பிடித்து விளையாடுவதற்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். மேல்படியில் ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். படிவம் 4 என்று அதற்குப் பேர். மாநிலப் பள்ளி அணியில் தேசியப் போட்டி ஆடியவனுக்கு அது கிடைக்கும். மத்திய அரசின் கீழ்நிலை வேலைகளுக்கு விளையாட்டு வீரர் என்று விண்ணப்பம் போட அது செல்லும். நம் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகளில் விளையாட்டுக்காரர்களுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம். ஆக இது ஆட்டம் இல்லை தோழர்களே, பங்கீடு. நிலத்தைப் போல, கோயில் மானியத்தைப் போல, யாருக்குப் போக வேண்டும் என்று அடிமட்டத்திலேயே தீர்மானமாகிற பங்கீடு.

என் கதையைச் சொல்கிறேன். 1981. பத்தாவது படிக்கிறேன். காலனி ஓரத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கு அரிசன ஸ்கூல் என்றுதான் ஊரில் பேர். பி.டி. மாஸ்டர் கிடையாது. மைதானம் என்று இருந்தது ஏரிக்கரைப் பொறம்போக்கு. தமிழ் வாத்தியார் ஒருத்தர் இருந்தார், நம்ம ஆளு. அவர்தான் கபடி டீம் கட்டினார். "ஏழு பேரு கெடச்சா போதும்டா, காத்தாலே கெளம்பிடலாம்" என்றார். ஒன்பது பேர் கிடைத்தோம். எட்டு கிலோமீட்டர் நடந்தே போனோம். எல்லோருக்கும் வெள்ளை பனியன், முதுகில் பெயிண்டால் நம்பர். வியர்த்ததும் பெயிண்ட் முதுகில் ஒட்டிக்கொண்டது.

கபடி என்ன ஆட்டம்? தொடுகிற ஆட்டம். தொட்டால் பாயிண்டு, பிடித்து அமுக்கினால் பாயிண்டு. தொடாதே என்று சட்டம் வைத்த ஊரில் இந்த ஆட்டத்தை யார் கண்டுபிடித்தானோ, அவன் பெரிய கலகக்காரனாகத்தான் இருக்க வேண்டும். ஊர்த் திருவிழாப் போட்டியில் ஊர் டீமும் காலனி டீமும் மோத மாட்டார்கள், மோத விடமாட்டார்கள். பள்ளிக்கூடப் போட்டியில் மட்டும்தான் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். சீட்டுக்குக் கண் கிடையாது. கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே வந்தது பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி. அதில் மூன்று பேர் எங்கள் அப்பன் ஆத்தாள் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள்.

அதில் ஒருத்தன் பாடி வந்தான். நான் ஓரத்தில் நின்றவன், கணுக்காலைப் பிடித்தேன். "உடுடா" என்று கத்தினான். அவன் அப்பா களத்துமேட்டில் கத்துகிற அதே குரல். ஒரு நிமிசம் என் கை தானாகத் தளர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். பின்னாலிருந்து எங்கள் பையன் "புடிச்சிக்கடா!" என்று கத்தாமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன். பிடித்தேன். நடுவர் விசில் ஊதினார். நாலு பாயிண்டு வித்தியாசத்தில் ஜெயித்தோம். தண்ணீருக்கு மட்டும் கையேந்த வேண்டியிருந்தது. அன்றைக்கு அது பெரிசாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து எங்கப்பாவைக் கூப்பிட்டு விட்டார்கள். "உம் பையன் எம் பையன் காலைப் புடிச்சி மண்ணுல இழுத்தானாமே." அவ்வளவுதான் கேட்டார்களாம். அடிக்கவில்லை, திட்டவில்லை. அறுப்புக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "ஆட்டம் போதும்டா" என்றார். இப்படியே இன்னும் மூன்று வீட்டில். ஐந்து பேரை வைத்துக்கொண்டு மாவட்டத்துக்குப் போக முடியாது. தமிழ் வாத்தியார் எழுதிக் கொடுத்துவிட்டார். குறுவட்டத்தில் எங்களிடம் தோற்ற டீம் எங்களுக்குப் பதிலாக மாவட்டம் போனது. அந்த டீமில் ஆடிய ஒருத்தர் பின்னாளில் விளையாட்டுச் சான்றிதழ் வைத்து வேலைக்குப் போனார். அவர் திறமையை நான் குறை சொல்லவில்லை. நல்ல ஆட்டக்காரர்தான். நான் அவர் காலைப் பிடித்தவன், எனக்குத் தெரியும்.

இதெல்லாம் அந்தக் காலம் என்பார்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், பரீட்சை எழுத பஸ்ஸில் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவனைப் பஸ்ஸிலிருந்து இழுத்துப் போட்டு அரிவாளால் வெட்டி விரல்களைத் துண்டித்தார்கள். கபடிப் போட்டியில் ஜெயித்த கோபம்தான் காரணம் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். எங்கப்பாவுக்குக் கிடைத்தது வெறும் "அறுப்புக்கு வராதே." நாற்பத்து நாலு வருசத்தில் வளர்ச்சி இதுதான். மேல்படிக்குப் போனால் மட்டும் விட்டுவிடுகிறார்களா? 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்றபோது, ஹரித்துவார் பக்கத்தில் வந்தனா கட்டாரியா வீட்டின் முன்னால் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டவர் அவர்.

ஆனால் வெட்டு, பட்டாசு இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. கண்ணுக்குத் தெரியாமல் கழித்துக்கட்டுகிற வேலைதான் என்னை 32 வருசமாக உறுத்துகிறது.

பள்ளிக் கல்வித் துறை வேறு, ஆதிதிராவிடர் நலத்துறை வேறு. போட்டியை நடத்துவது ஒரு துறை, நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை வைத்திருப்பது இன்னொரு துறை. காகிதம் இரண்டு ஆபீசைத் தாண்ட வேண்டும். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் எல்லாப் பள்ளிகளையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. அதில் நம் இயக்கங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, அதை இங்கே பேசவில்லை. காகிதம் வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

வந்து சேர்ந்தாலும் யார் கூட்டிப்போவது? 2009 கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது. நூறுக்குக் கீழே இருந்தால்? காலனிப் பள்ளிகளில் பாதி அப்படித்தானே கிடக்கின்றன. 2012இல் நம் மாநிலத்தில் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், மே மாதம் சம்பளம் இல்லாமல். பிறகு சம்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வருகிற மனுசன் தன் கைக்காசில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு பஸ் டிக்கெட்டும் மத்தியானச் சாப்பாடும் வாங்குவாரா? வாங்கினவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையின் வாய்ப்பு ஒரு வாத்தியாரின் நல்ல மனசில் தொங்கிக்கொண்டிருந்தால் அதற்குப் பேர் உரிமையா, பிச்சையா?

இன்னொரு தந்திரம் இருக்கிறது. அது தந்திரம் என்று செய்கிறவர்களுக்கே தெரியாது. புதிய விளையாட்டுகள் என்று வருசா வருசம் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். வாள்சண்டை, நீச்சல், ஸ்குவாஷ், இன்னும் என்னென்னவோ. இதற்கெல்லாம் குளம் வேண்டும், கூடம் வேண்டும், ஆயிரக்கணக்கில் சாமான் வேண்டும். நான் மாவட்டப் போட்டிகளில் நடுவராக நின்று பார்த்திருக்கிறேன். சில ஆட்டங்களுக்கு மாவட்டம் முழுக்க மூன்று தனியார் பள்ளிகள்தான் வரும். வந்து நின்றாலே மெடல். கபடிக்கும் தடகளத்துக்கும் நம் பிள்ளைகள் குறுவட்டம் குறுவட்டமாக மோதி, இருபது முப்பது டீமைத் தாண்டித்தான் அந்த இடத்துக்கு வரவேண்டும். மேலே போனால் இரண்டு பேருக்கும் ஒரே படிவம் 4. வாள்சண்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வாளை நம் பிள்ளை கையிலும் கொடு என்கிறேன்.

நம் தோழர்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மாலைநேர வகுப்பு நடத்துகிறோம், நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். நல்ல காரியம். விளையாட்டு என்றால் மட்டும், "படிக்கிற பையனைக் கெடுக்காதீங்க சார்" என்கிறார்கள். உடம்பு உழைப்புக்குத்தான், புத்தி படிப்புக்குத்தான் என்று நம் உடம்பை வயலுக்கும் சாக்கடைக்கும் ஒதுக்கிவைத்தவன் புத்தி நம் தலைக்குள் எப்படி வந்தது? ஊர்க்காரன் பிள்ளை அதே உடம்பை வைத்துச் சான்றிதழ் வாங்கவில்லையா?

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் ஜூலையில் இரண்டு தோழர்களைக் கூட்டிக்கொண்டு, எங்கள் பக்கத்துக் காலனிப் பள்ளி ஒன்றுக்குப் போனேன். குறுவட்ட அறிவிப்பு வந்ததா சார் என்று கேட்டேன். தலைமையாசிரியர் யோசித்தார். "வந்த மாதிரி இருந்தது" என்றார். டிராயரைத் திறந்து தேடினார். இருந்தது. நுழைவுப் படிவம் கொடுக்க இரண்டு நாள்தான் பாக்கி. கூட்டிப்போக ஆள் இல்லையே என்றார். நான் போறேன் சார் என்றேன். நீங்க ரிட்டையர்டு ஆயிட்டீங்களே, ரூல் இருக்கா என்றார். பள்ளி ஆசிரியர் ஒருத்தர் வரவேண்டும், நான் கூட வருவேன், பஸ் செலவு எங்களுடையது என்று தோழர்கள் சொன்னார்கள். கணக்கு டீச்சர் ஒருத்தி, அந்தம்மா நம்ம சாதியும் இல்லை, "நான் போறேன் சார்" என்று எழுந்தார்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போய், கபடி ஆட யார் வருவீர்கள் என்று கேட்டோம். பெண் பிள்ளைகள் பதினோரு பேர் கையைத் தூக்கினார்கள். பிறந்த தேதி, ஆதார், தலைமையாசிரியர் முத்திரை எல்லாம் அன்றைக்கு சாயங்காலத்துக்குள் முடித்தோம். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார்கள், களத்தில், பாயிண்டில். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "சார், அடுத்த வருசம் லெட்டர் எப்ப வரும்?"