பின்னால் வந்த கதை முன்னால் இருந்த காதலை மாற்றுமா? வீடியோ கேம் ரசிகர்களிடையே தொடரும் விவாதம்

பெங்களூரு: ஊதா வழித்தட மெட்ரோவின் கிழக்கு முனையமான வைட்ஃபீல்டைச் சுற்றியுள்ள தொழில்நுட்பப் பூங்காக்களில் பணிபுரியும் இளைஞர்களுக்கு வீடியோ கேம் என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல, அவர்கள் வாழும் நகரில் உருவாகும் பண்டமும் அதுவே. 1997-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தை 2019-இல் ராக்ஸ்டார் கேம்ஸ் விலைக்கு வாங்கி, இந்நகரில் ஏற்கெனவே இயங்கிவந்த தனது ராக்ஸ்டார் இந்தியா கிளையுடன் இணைத்துக்கொண்டது. உலகெங்கும் பேசப்பட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாட்டின் உருவாக்கத்திலும் இந்தப் பெங்களூரு கிளைக்குப் பங்கு உண்டு.

அந்த விளையாட்டை முன்வைத்து ரசிகர்களிடையே ஒரு கேள்வி நீடிக்கிறது. ஒரு காதல் கதையை விளையாடி முடித்து, அதை மனத்தில் நிலைநிறுத்திக்கொண்டவரிடம், பல ஆண்டுகள் கழித்து முன்கதை ஒன்றையோ கிளைக்கதை ஒன்றையோ கொண்டுவந்து தரும்போது, பழைய காதல் பழையபடியே இருக்குமா?

2010-இல் வெளிவந்த முதல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' 1911-ஆம் ஆண்டின் அமெரிக்காவில் நிகழ்கிறது. முன்னாள் கொள்ளைக்காரனான ஜான் மார்ஸ்டன், அரசு முகவர்களின் பிடியில் சிக்கிய மனைவி அபிகெய்லையும் மகனையும் மீட்பதற்காகத் தன் பழைய கூட்டாளிகளை வேட்டையாடுகிறான். அபிகெய்ல் அதில் நெடுநேரம் வருவதில்லை. வந்தாலும் கணவனைக் கடிந்துகொள்ளும் மனைவியாகவே பெரும்பாலும் வருகிறாள். அவர்களுடையதைக் காதல் என்று எண்ணியவர்கள் குறைவு. பழகிப்போன இல்லறம் என்பதே பொதுவான பார்வையாக இருந்தது.

2018 அக்டோபர் 26-இல் முன்கதையாக வந்த இரண்டாம் பாகம் இப்பார்வையை அடியோடு மாற்றியது. கதை 1899-க்குப் பின்னோக்கிச் செல்கிறது. நாயகன் ஆர்தர் மார்கன். ஜானும் அபிகெய்லும் அவனுடைய கூட்டத்தில் இருவர் மட்டுமே. அங்கே காணப்படும் ஜான், பிறந்த குழந்தையைத் தன் மகன் என்று ஏற்கத் தயங்கி, ஓராண்டு காலம் கூட்டத்தைவிட்டே விலகி ஓடியவன். அபிகெய்ல் அவனை மன்னிக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. இறுதிப் பகுதி 1907-க்கு நகரும்போது, ஜானின் வன்முறையைத் தாளாமல் அவள் மகனுடன் வெளியேறுகிறாள். அவன் வங்கியில் கடன் பெற்று பீச்சர்ஸ் ஹோப் என்னும் நிலத்தை வாங்குகிறான். நண்பர்களின் துணையுடன் பலகை பலகையாக ஒரு வீட்டை எழுப்புகிறான். ஆணி அடிக்கும் வேலையை விளையாடுபவரே செய்ய வேண்டும். அவள் திரும்பி வந்த பிறகு, ஏரியின் நடுவே ஒரு படகில் அவளிடம் திருமணக் கோரிக்கையை வைக்கிறான்.

அதே பீச்சர்ஸ் ஹோப்பில்தான், நான்கு ஆண்டுகள் கழித்து, முதல் பாகத்தின் முடிவில் ஜான் சுட்டுக் கொல்லப்படுகிறான். 2010-இல் அது ஒரு பண்ணை. 2018-க்குப் பிறகு அது அவளுக்காக அவன் கட்டிய வீடு. முதல் பாகத்தில் ஒரு வரிகூட மாற்றப்படவில்லை. ஆயினும் அக்காட்சி வேறொன்றாகிவிட்டது. 2024 அக்டோபர் 29-இல் முதல் பாகம் கணினிக்கும், 2025 டிசம்பரில் கைப்பேசிக்கும் வந்ததால், முன்கதையை முடித்துவிட்டு மூலக்கதைக்கு வருவோர் இப்போது ஏராளம். அபிகெய்லின் கடிந்துரையில் அவர்கள் கேட்பது வேறு குரல்.

இதற்கு நேர் எதிரான அனுபவம், கணினிப் பதிப்பு வெளியாகி இரண்டே நாள்களில், 2024 அக்டோபர் 31-இல் வாய்த்தது. கனடாவின் பயோவேர் நிறுவனம் 'டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்' விளையாட்டை அன்று வெளியிட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் வந்த 'இன்குவிசிஷன்' விளையாட்டில், லவெல்லன் என்னும் எல்ஃப் இனப் பெண்ணாக விளையாடுவோர் மட்டும் சோலஸ் என்ற தோழனைக் காதலிக்க முடியும். அவன் காரணம் கூறாமல் பிரிகிறான். 2015-இல் வந்த கூடுதல் பகுதி, அவன் பழங்கதைகளில் வரும் 'பயங்கர ஓநாய்' என்னும் கடவுளே என்று லவெல்லனுக்கு வெளிப்படுத்தியது. 2020 மார்ச்சில் 'டெவின்டர் நைட்ஸ்' என்ற சிறுகதைத் தொகுப்பு அச்சில் வந்தது. சோலஸை எழுதிவந்த டிரிக் வீக்ஸின் கதை ஒன்றில், சோலஸ் மாறுவேடத்தில் தோன்றி, பழைய தலைவியிடம் சேர்ப்பிக்குமாறு ஒரு வருத்தச் சொல்லை மட்டும் விட்டுச் செல்கிறான். அந்தச் சிறுகதையைப் படித்தவர்களுக்குக் காதல் தொடர்ந்தது. படிக்காதவர்களுக்கு 2015-இலேயே முடிந்திருந்தது.

'வெயில்கார்ட்' வெளியாவதற்கு முந்தைய வாரங்களில், அதன் துணைப் பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் எட்டுப் பகுதி ஒலித்தொடரும் வந்தது. ஆனால் விவாதத்தைக் கிளப்பியது விளையாட்டுக்குள் இருந்த நினைவுக் காட்சிகளே. சோலஸ் ஆதியில் ஞானத்தின் ஆவியாக இருந்தான், மித்தால் என்னும் தெய்வத்தின் வேண்டுகோளுக்கு இணங்கியே உடலெடுத்தான், அவளுக்காகச் செய்த பிழைகளின் பாரமே அவனை இயக்குகிறது என்று அவை கூறின. மித்தாலுடன் அவனுக்கு இருந்த பிணைப்பு காதலா, பக்தியா என்பதை விளையாட்டு திட்டவட்டமாகச் சொல்லவில்லை. பத்தாண்டு காலம் லவெல்லனே அவன் வாழ்வின் மையம் என்று கருதியிருந்த ரசிகைகளுக்கு இது சிறிய திருத்தமன்று. ஒரு சாரார் காதல் ஆழம் பெற்றது என்றனர். மற்றொரு சாரார் தாங்கள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதாக உணர்ந்தனர். முந்தைய விளையாட்டின் எண்ணற்ற தேர்வுகளில் மூன்றே மூன்று மட்டும் புதியதில் கணக்கில் கொள்ளப்பட்டன. அவற்றுள் ஒன்று யாரைக் காதலித்தார் என்பது. அதன் பயனாக, சமாதான முடிவைத் தேர்ந்தால் லவெல்லன் சோலஸுடன் சேர்ந்தே செல்ல வழி இருந்தது. அந்த ஒரு காட்சிக்காகப் பத்தாண்டு காத்திருந்தது வீண்போகவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

இரண்டு விளையாட்டுகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். ஜானும் அபிகெய்லும் விளையாடுபவரின் தேர்வு அல்லர். எழுத்தாளர் முன்னரே இணைத்து வைத்த தம்பதி. முன்கதை அங்கே வெற்றிடத்தை நிரப்பியது, யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. சோலஸ் - லவெல்லன் காதலோ, விளையாடுபவரே பெயர் சூட்டி, முகம் அமைத்து, ஒவ்வொரு பதிலையும் தேர்ந்தெடுத்து வளர்த்தது. அதன்மீது எழுதப்படும் புதுக்கதை அவருடைய சொந்த நினைவின்மீது எழுதப்படுகிறது. கோபம் பெரிதாவதற்கு எழுத்தின் தரத்தைவிட இதுவே காரணமாகத் தோன்றுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். 2022, 2023-இல் வந்த மணிரத்னத்தின் இரு படங்கள், நாவலில் பெரும்பாலும் நினைவுகூரலாக வரும் ஆதித்த கரிகாலன் - நந்தினி காதலைக் கதையின் நடுவே நிறுத்தின. படம் பார்த்துவிட்டு நாவலுக்கு வந்தவர் சந்திக்கும் நந்தினி, வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருந்தவர் கண்ட நந்தினி அல்லள். ஆனால் நாவலில் எவரும் நந்தினியின் பதிலைத் தேர்ந்தெடுத்ததில்லை.

சோலஸின் கதையைத் திருத்தவோ தொடரவோ இனி வாய்ப்பு மிகக் குறைவு. 'வெயில்கார்ட்' எதிர்பார்த்த அளவு போகவில்லை என்று உரிமையாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தெரிவித்தது. 2025 ஜனவரியில் பயோவேர் மறுசீரமைக்கப்பட்டு நூறு பேருக்கும் குறைவானவர்களுடன் சுருங்கியது. வெளியேறியவர்களில் வீக்ஸும் ஒருவர்.

ராக்ஸ்டாரின் அடுத்த படைப்பான 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6', 2026 நவம்பர் 19-இல் வெளியாகும் என அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் முதன்மைப் பாத்திரங்கள் ஜேசன், லூசியா என்னும் காதலர்கள். முன்னோட்டக் காட்சிகளை மட்டும் வைத்தே அவர்களில் யார் யாருக்குத் துரோகம் செய்வார் என்று ரசிகர்கள் இப்போதே வாதிட்டு வருகின்றனர்.