ஐந்து நட்சத்திரம் போட எங்கள் பிள்ளைகளைக் கேட்காதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோர்கள் முழுவதையும் வாசித்தால் நல்லது.

கடந்த வாரம் எமது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. தமிழ்மொழி மூல சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஒரு ஏஐ முகவரைத் தயாரித்திருக்கிறார்களாம். முகவர்களுக்கென்றே இருக்கும் ஒரு நம்பிக்கை வலையமைப்பில் அதனைப் பதிவும் செய்துவிட்டார்களாம். இனி வேண்டியது மதிப்பீடு மட்டும்தானாம். ஒவ்வொரு ஆசிரியரும் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும். கூடவே பத்து மாணவர்களைப் பிடித்து ஐந்து நட்சத்திரம் போடுவிக்க வேண்டும்.

நாம் நான்கு பேர் போடவில்லை. "இவர்களுக்கு ஏஐ என்றால் பயம்" என்று ஒருவர் எழுதினார். பயமெல்லாம் இல்லை. நாம் அதனை இரண்டு வாரம் பாவித்துப் பார்த்தோம், அதனால்தான் போடவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறோம். தரம் 10 பிள்ளை ஒருத்தி திரவ அமுக்கம் பற்றிக் கேட்டிருக்கிறாள். விளக்கம் அழகாக வந்திருக்கிறது, கணக்கும் பிழையில்லை. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை "அழுத்தம்", "அழுத்தம்" என்றே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அது சரியான சொல். எமது புத்தகத்தில் அமுக்கம் வேறு, அழுத்தம் வேறு. நாம் அழுத்த சக்தி என்று படிப்பிப்பதை அங்கே நிலை ஆற்றல் என்கிறார்கள். நாம் வலு என்பது அங்கே திறன். மூலகம் தனிமம் ஆகிவிடும், ஒட்சிசன் ஆக்ஸிஜன் ஆகிவிடும். அந்தப் பிள்ளை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து, "சேர், ஏஐ தந்தது" என்றாள். நாளைக்கு வினாத்தாளில் "அழுத்த சக்தி" என்று கண்டால் அவள் எதனை நினைப்பாள்?

இந்தப் பிழையை அந்தப் பத்து மாணவர்களில் யார் பிடிப்பார்? பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த முகவரே தேவையில்லையே!

"பிக்மீயில் ஓட்டோ பிடிக்கும்போது நட்சத்திரம் பார்க்கிறீர்கள்தானே?" என்று கேட்கிறார்கள். பார்க்கிறோம். ஓட்டோ வந்ததா, சுற்றிக்கொண்டு போனதா என்பது இறங்கும்போதே எமக்குத் தெரிந்துவிடும். பிழையாகப் படித்த பிள்ளைக்கு, பிழையாகப் படித்தோம் என்பது பெறுபேறு வரும்வரை தெரியாது. அதுவரை சந்தோஷமாக ஐந்து போடும்.

இனி இந்தப் பதிவு என்ற விடயம். "பதிவு செய்யப்பட்ட முகவர்" என்றதும் எம்மவர்களுக்கு ஏதோ கல்வித் திணைக்களத்தின் முத்திரை விழுந்ததுபோல் இருக்கிறது. இவ்வகைப் பதிவேடுகளில் பரவலாகப் பேசப்படுவது எதீரியத்தின் ஈஆர்சி-8004 என்ற நியமம். 2025 ஆகஸ்டில் முன்வைக்கப்பட்டது. எழுதியவர்களில் மெட்டாமாஸ்க், எதீரியம் அறக்கட்டளை, கூகுள், காயின்பேஸ் ஆட்கள் இருக்கிறார்கள், சும்மா ஆட்கள் அல்ல. அதில் மூன்று பதிவேடுகள்: அடையாளத்துக்கு ஒன்று, நற்பெயருக்கு ஒன்று, சரிபார்ப்புக்கு ஒன்று. அடையாளப் பதிவேட்டில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பதியலாம். முகவர் என்னென்ன செய்யும் என்ற விவரத்தைப் பதிபவரே எழுதிக்கொள்கிறார். தன் நற்சான்றிதழைத் தானே எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது போலத்தான். கிராம சேவகரிடம் போய் நின்றால்கூட, "நீங்கள் யாருடைய மகன்?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்.

போலிப் பெயர்களில் மதிப்பீட்டைக் குவித்து நற்பெயரை ஊதிப் பெருக்க முடியும் என்று அந்த நியமமே வெளிப்படையாகச் சொல்கிறது. முகவர் சொல்லிக்கொள்ளும் திறமை உண்மையில் வேலை செய்யும் என்பதற்கும் அது உத்தரவாதம் தரவில்லை. எழுதியவர்கள் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதனைக் காட்டி எம்மிடம் விற்க வருபவர்கள்தான் அந்தப் பந்தியை வாசிக்காமல் வருகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த அடையாளம் கைமாற்றக்கூடிய ஒரு டோக்கன். இன்று எமது பிள்ளைகள் போட்டுக்கொடுக்கும் நட்சத்திரங்களோடு சேர்த்து நாளை இன்னொருவருக்கு விற்கலாம். உள்ளே இருக்கும் மொடலை மாற்றினாலும் எண் அதே எண், புள்ளி அதே புள்ளி.

ஆளை எடைபோடும் கலை எமக்குப் புதிதா? ஹதீஸ் அறிவிப்பாளர்களைத் தரம் பிரிக்க எமது இமாம்கள் ஒரு கலையையே வளர்த்தார்கள். இமாம் இப்னு ஹஜர் தன் தக்ரீபில் அவர்களைப் பன்னிரண்டு படித்தரங்களாகப் பிரித்தார். அங்கே முதல் கேள்வி, சொன்னவர் யார் என்பது. இன்னாரென்று தெரியாதவரை மஜ்ஹூல் என்று ஒதுக்கினார்கள். இங்கே மதிப்பிடப்படுவதும் மஜ்ஹூல், மதிப்பிடுவதும் மஜ்ஹூல். முகவருக்கு முகவரே புள்ளி போடும் காலமும் வந்துவிட்டது.

பிழை நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டோம். "முகவருக்குத் தனி அடையாளம் இருக்கிறதே" என்று பதில் வந்தது. கனடாவில் எயார் கனடாவும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லிப் பார்த்தது. அதன் இணையத்தள சாட்பொட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையான தகவல் கொடுத்தது. சாட்பொட் தனியொரு சட்ட ஆள், அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்ற தொனியில் கம்பனி வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதனை ஏற்கவில்லை. தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் கம்பனிதான் பொறுப்பு என்று சொல்லி நட்டஈடு கொடுக்க வைத்தது. அங்கே போனது காசு. இங்கே போவது பிள்ளையின் ஒரு வருடம்.

பதிவேடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தயாரித்தவரின் பெயரும் முகவரியும், எந்த ஆண்டுப் பாடப்புத்தகத்தைக் கொண்டு பழக்கினார்கள் என்பதும், மொடல் எப்போது மாறியது என்பதும் அதில் இருக்கட்டும். மதிப்பீடு எழுதும் ஆசிரியர் தன் பெயரையும் பாடத்தையும் போட்டு எழுதட்டும். பிழைகளையும் எழுதட்டும். அப்படியென்றால் முதல் மதிப்பீட்டை நாமே எழுதுகிறோம், சொற்பட்டியலும் இலவசமாகத் தருகிறோம்.

ஆனால் 15 வயதுப் பிள்ளையிடம், தான் அறியாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். அந்த வேலைக்கு எமது வகுப்பறையைத் தர மாட்டோம்.

இவற்றையெல்லாம் எழுதி அவர்களுக்கு அனுப்பினோம். பார்த்துவிட்டார்கள், நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இன்னும் இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே அதில் படித்திருந்தால், வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் கொப்பியோடு விஞ்ஞான கூடத்துக்கு அனுப்பிவையுங்கள். உட்கார்ந்து சொல் சொல்லாகத் திருத்தித் தருகிறோம்.