ஆற்றை மடக்கிவிட்டு மரபணுவைப் பழிப்பதா?

அமெரிக்காவின் அரிசோனாவில், கிலா ஆற்றங்கரையில் வாழும் அகிமெல் ஓதாம் மக்கள், மருத்துவப் பாடநூல்களில் 'பீமா' என்ற பெயரில் இடம்பெறுபவர்கள். இவர்களுக்குச் சர்க்கரை நோய் ரத்தத்திலேயே ஊறியது என்று உலகமே நம்புகிறது. பஞ்ச காலத்துக்காகக் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் 'சிக்கன மரபணு' என்ற கருதுகோளை 1962இல் மரபியலாளர் ஜேம்ஸ் நீல் முன்வைத்தார். அதை இந்த மக்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

1908இல் மானிடவியலாளர் ஹிர்ட்லிச்கா இவர்களிடையே பதிவு செய்தது ஒரேயொரு சர்க்கரை நோயாளியை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய். இரண்டு மூன்று தலைமுறையில் மரபணு மாறிவிடுமா? மாறியது ஆறு. வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்து, கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களுக்கே கோதுமை விற்ற உழவர்கள் இவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைமடையில் குடியேறிய வெள்ளையர்கள் தண்ணீரை மடக்கினார்கள். கடைமடை காய்ந்தது, பஞ்சம் வந்தது. பின்னர் அரசு நிவாரணமாக வந்தவை மைதா, பன்றிக்கொழுப்பு, சர்க்கரை. அந்த மைதாவைப் பிசைந்து கொழுப்பில் பொரித்த ரொட்டிக்குப் 'பாரம்பரிய உணவு' என்று பெயர் சூட்டுவது கொடுமை.

எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் மாய்கோபா மலைக்கிராமத்திலும் பீமாக்கள் இருக்கிறார்கள். மரபுவழியில் நெருங்கிய உறவினர்கள். காடுகழனியில் உழைத்து, அவரையும் மக்காச்சோளமும் உண்பவர்கள். 2006இல் வெளியான ஒப்பீட்டில் சர்க்கரை நோய் அரிசோனாவில் 38 சதவீதம், மாய்கோபாவில் 6.9 சதவீதம். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஏழு சதவீதத்தை முப்பத்தெட்டாக்கியது மரபணு அல்ல. பழியை அதன்மேல் போட்டால் தண்ணீரை எடுத்தவர்கள் தப்பிவிடுகிறார்கள். நோயாளியோ தன் பிறப்பையே நொந்துகொள்கிறார்.

பழைய சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் 'வெறும் ஏக்கம்' என்பார்கள். ஆஸ்திரேலியாவில் சர்க்கரை நோயுள்ள பழங்குடியினர் பத்துப் பேர் ஏழு வாரம் தங்கள் காட்டில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்ததை ஆய்வாளர் கெரின் ஓடே 1984இல் பதிவு செய்தார். சராசரியாக எட்டு கிலோ எடை குறைந்தது. ரத்தச் சர்க்கரையும் நன்றாக இறங்கியது. இதை ஏக்கம் என்று தள்ள முடியுமா?

ஓதாம் மக்களுக்கும் அப்படியொரு பழைய உணவு உண்டு: டெப்பரி அவரை, பழுப்பும் வெள்ளையுமான சின்ன விதை. ஒன்றிரண்டு கோடை மழை பெய்தால் பாலைவனத்திலும் காய்க்கும். இரவு ஊறவைத்து, மறுநாள் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால்தான் வேகும். நார்ச்சத்து மிகுதி, மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரை திடுதிப்பென்று ஏறாது. 1970களின் கடைசியில் ஊர்ப்பெரியவர்கள் இதை மறுபடி பயிரிடச் சொல்லி உழவர் ரமோனா பட்டனைக் கேட்டார்கள். அவருடைய அப்பாவின் பழைய மண்வீட்டில், ஒரு பெட்டிக்குள் கண்ணாடி ஜாடிகளில் கொஞ்சம் விதை மிஞ்சியிருந்தது. அதிலிருந்து பெருகியதுதான் இன்று அவர் பண்ணை விற்கும் அவரை.

2004ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மக்களின் தண்ணீர் உரிமையைப் பெருமளவு மீட்டுத் தந்தது. அந்தத் தண்ணீரில் பருத்திக்கும் குதிரைமசாலுக்கும் எவ்வளவு பாய்கிறது, பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் விழும் அவரைக்கு எவ்வளவு பாய்கிறது என்று கணக்குக் கேளுங்கள். மரபணுவை அப்புறம் விசாரிக்கலாம்.