மாண்டவர்கள் போராடாதவர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் அவர்கள் கொரோனா நோய் கண்டு செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று இரவுகள் கிடந்து, ஈஸ்டர் ஞாயிறன்று பிழைத்து வெளியே வந்ததைக் குறித்துத் தங்கள் சென்ற இதழில் இரண்டு வாசகர் கடிதங்கள் பிரசுரமாகியிருக்கின்றன. அவர் அனுபவித்தது கர்ம பலன், அதற்காக ஒருவரும் இரங்க வேண்டியதில்லை என்பது ஒரு கடிதத்தின் சாரம். மன உறுதி ஒன்றையே ஆயுதமாகக் கொண்டு யமனை விரட்டிய வீரர் அவர், நோயாளிகள் எல்லோரும் அவரை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்பது மற்றொன்றின் சாரம். ஒன்று வசையாகவும் மற்றொன்று துதியாகவும் இருப்பதால் இரண்டையும் அருகருகே போட்டுவிட்டால் நடுநிலைமை காத்ததாகும் என்று தாங்கள் கருதியிருக்கலாம். என் அபிப்பிராயத்தில் இரண்டும் ஒரே பிழையைத்தான் செய்கின்றன. அந்தப் பிழை, இந்த மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டைச் சுட்டிருக்கிறது. ஆகையால் என் ஆட்சேபத்தைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 5 ஞாயிறு இரவு, மகாராணியார் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரை முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பிரதமர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி வந்தது. மறுநாள், தாம் உற்சாகமாக இருப்பதாக அவர் பெயரிலேயே ஒரு செய்தி வெளியாயிற்று. அன்று மாலை ஏழு மணியளவில் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதைக் கேட்டுவிட்டு, நாற்பதாண்டுக் காலப் பழக்கமுள்ள என் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நல்லா வேணும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பசித்தவனைக் கண்டால் தம் இலையில் இருப்பதை எடுத்து வைக்கும் சுபாவமுடையவர். அப்படிப்பட்டவருடைய வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நண்பருடைய கோபத்துக்கும், தங்களுக்கு எழுதிய முதல் அன்பருடைய கோபத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. மார்ச் 3-ஆம் தேதி பத்திரிகையாளர்களுக்கு முன் நின்று, கொரோனா நோயாளிகள் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லோருடைய கையையும் குலுக்கி வந்ததாகப் பெருமையோடு சொன்னவர் இந்தப் பிரதமர்தாம். 2017 ஜூன் மாதம், செவிலியர் முதலிய பொதுத்துறை ஊழியர்களின் ஊதிய உயர்வை 1 சதவீதத்துக்குள் கட்டிவைத்திருந்த வரம்பை நீக்கக் கோரிய திருத்தம் பார்லிமெண்டில் தோற்கடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து வாக்களித்தவர்களுள் அவரும் ஒருவர். நோய் பரவத் தொடங்கிய நாட்களில் நடந்த, 'கோப்ரா' எனப்படும் அரசாங்க அவசரக் கூட்டங்கள் ஐந்துக்கு அவர் வரவில்லை என்ற செய்தி இந்த ஞாயிற்றுக்கிழமைதான் வெளியாகியிருக்கிறது. இவையெல்லாம் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். அவர் தேக சௌக்கியம் பெற்று வேலைக்குத் திரும்பிய பின் பார்லிமெண்டில் முகத்துக்கு முகம் கேட்கப்பட வேண்டியவை. எதிர்க்கட்சித் தலைவராகி இரண்டு நாளே ஆன கீர் ஸ்டார்மர், பிரதமர் குணமடைய வேண்டும் என்று மனமாரச் சொன்னாரே, அதனால் அவர் கேட்கவிருக்கும் கேள்விகளுள் ஒன்றாவது குறைந்துவிட்டதா? டெர்பிஷயரில் ஒரு சிற்றூரின் மேயர், பிரதமருக்கு இது தகும் என்று எழுதியபோது அவருடைய சொந்தக் கட்சியே அவரை விலக்கிவைத்தது. அது சரியான செய்கை என்றே நான் நினைக்கிறேன்.

நோயைத் தண்டனை என்று சொல்கிறவர் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு உடைகள் ஆஸ்பத்திரி ஊழியர் ஒவ்வொருவருக்கும் கிடைக்கச் செய்யுங்கள் என்று மார்ச் மாதத்தில் இதே பிரதமருக்குப் பகிரங்கமாக விண்ணப்பம் எழுதிய ஒரு வைத்தியர், பிரதமர் தீவிர சிகிச்சையில் இருந்த அதே வாரத்தில் இதே நோயால் இறந்துபோனார். இலங்கையில் வைத்தியம் பயின்று, எழுபது வயதுக்கு மேலும் இங்கே முதியோருக்கு வைத்தியம் பார்த்துவந்த தமிழர் ஒருவர் அதற்குச் சில நாட்கள் முன் மறைந்தார். இந்த நாட்டில் இந்நோய்க்கு முதலில் பலியான வைத்தியர்களில் அநேகர் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். பிரதமருக்கு வந்தது அவர் செய்த பாவத்தின் கூலியென்றால், இவர்கள் எந்தப் பாவத்துக்குக் கூலி பெற்றார்கள்? அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு இப்படி ஓர் எண்ணம் இராது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயினும் ஒருவருடைய நோயைத் தீர்ப்பாகக் கொண்டால், அடுத்த கட்டிலில் கிடப்பவருடைய நோயையும் தீர்ப்பென்றே கொள்ள நேரும்; அந்த நியாயத்தைப் பிரதமரோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வழியில்லை.

இனி இரண்டாவது கடிதம். என்னை அதிகமாகப் புண்படுத்தியது, உண்மையைச் சொல்லப்போனால், இதுதான். அதை எழுதியவர் தாமாக அந்தக் கருத்தை உண்டாக்கவில்லை. பிரதமருக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற டொமினிக் ராப் அவர்களே, அவர் போராடும் குணம் படைத்தவர், ஆகையால் மீண்டுவிடுவார் என்று ஏப்ரல் 7 அன்று நம்பிக்கையோடு பேசினார். சகாவின் உயிருக்காகக் கலங்கி நிற்கும் ஒருவர் தமக்கும் பிறருக்கும் தைரியம் சொல்லப் பேசிய பேச்சு அது என்று அதை மன்னித்துவிடலாம். ஆனால் அதையே ஒரு சித்தாந்தமாக எழுதி அச்சில் ஏற்றுவது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவர் குடியிருந்தார். எண்பதுகளில் சண்டைக்கு நடுவே ஊரை விட்டுப் புறப்பட்டு, மூன்று தேசங்களில் காத்துக் கிடந்து, இங்கே வந்து சேர்ந்து, இரவில் பெட்ரோல் நிலையத்தில் நின்று பிள்ளைகளைப் படிக்கவைத்து, கடைசிப் பதினெட்டு வருஷங்கள் லண்டன் சிவப்புப் பேருந்து ஓட்டியவர். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, சோற்றுப் பாத்திரமும் வெந்நீர்ப் புட்டியும் இருந்த பைக்குள் ஒட்டுநாடாச் சுருள் ஒன்றை அவர் வைத்துக்கொண்டதைப் பார்த்து, எதற்கு என்று வேலிக்கு இப்பால் நின்றபடி விசாரித்தேன். ஓட்டுநரின் கண்ணாடித் தடுப்பில் பயணிகள் பேசுவதற்கென்று துளைகள் இருக்கின்றன, அவற்றைத் தாமே ஒட்டி அடைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். பயணிகள் முன்கதவு வழியே ஏறி, அவர் முகத்துக்கு எதிரே இருமிக்கொண்டு போகும் வழக்கம் அப்போது நீடித்திருந்தது. லண்டன் முழுவதும் பேருந்துகளில் நடுக்கதவு வழியேதான் ஏற வேண்டும் என்ற விதி நேற்று, ஏப்ரல் 20 முதல்தான் அமலுக்கு வந்திருக்கிறது. அவர் பெரிய வெள்ளிக்கிழமையன்று இறந்துபோனார். ஆஸ்பத்திரிகளில் 980 பேர் மாண்டதாக அரசாங்கம் அன்று மாலை அறிவித்தது. அவருடைய மனைவி, தனிமையில் இருக்க வேண்டும் என்ற உத்தரவால் வீட்டை விட்டு வெளியேற முடியாமல், கணவருடைய தகனத்தை மகன் பிடித்துக் காட்டிய கைபேசித் திரையில் பார்த்தார்.

இந்த மனிதருக்குப் போராடத் தெரியாது என்று யார் என்னிடம் வந்து சொல்ல முடியும்? போராடுகிறவர் பிழைப்பார் என்று எழுதும்போது, பிழைக்காதவர் போராடவில்லை என்ற பாதியையும் எழுதாமலே எழுதிவிடுகிறோம். அந்தப் பாதியைப் படிக்கிறவர்கள் இறந்தவர்களின் மனைவி மக்கள்.

என் தங்கை மகள் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியாக இருக்கிறாள், எங்களோடுதான் வசிக்கிறாள். வேலை முடிந்து வந்தால் வாசற்படியிலேயே உடுப்பைப் பையில் கட்டிவிட்டு நேரே குளிக்கப் போகிறாள். முகக்கவசம் அழுத்திய இடத்தில், மூக்கின் மேல் தோல் வழன்று செந்நிறக் கோடாக நிற்கிறது. பிரதமருக்காக எட்டு மணிக்குக் கை தட்டுங்கள் என்று ஏப்ரல் 7 செவ்வாய்க்கிழமை வேண்டுகோள் பரவி, எங்கள் தெருவிலும் நாலைந்து வீடுகளில் தட்டினார்கள். நானும் வாசலுக்குப் போய்த் தட்டினேன். நோயில் கிடக்கும் ஒருவருக்காகத் தட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திரும்பி வந்து, மன உறுதி உள்ளவர்கள் பிழைத்துவிடுவார்களா என்று அவளிடம் கேட்டேன். "மூச்சுக் குழாய் போட்டவங்களைக் குப்புறத் திருப்பிப் படுக்கவைக்க ஏழு பேர் வேணும் மாமா. அவங்களுக்கு நினைவே இருக்காது" என்று சொல்லிவிட்டு, இரவு வேலைக்குப் புறப்பட்டாள். நினைவே இல்லாதவருக்கு மன உறுதி எங்கிருந்து வரும்?

பிரதமருக்குக் குழாய் போட வேண்டியிருக்கவில்லை, பிராணவாயு கொடுத்தார்கள். அப்படியிருந்தும், எப்படி வேண்டுமானாலும் முடிந்திருக்கலாம் என்ற நிலையில் தாம் இருந்ததாகவும், தம் உயிரைக் காத்தது தேசிய சுகாதார சேவையே என்றும், நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு செவிலியும் போர்ச்சுக்கலிலிருந்து வந்த ஒரு செவிலியருமாக நாற்பத்தெட்டு மணி நேரம் கட்டிலருகே நின்று காத்ததாகவும், வெளியே வந்த அன்றே அவர் சொன்னார். தங்களுக்கு எழுதிய அன்பர் எந்த மன உறுதியைப் புகழ்ந்தாரோ அதைப் பற்றிப் பிரதமர் ஒரு வார்த்தை பேசவில்லை; வேறு மனிதர்களுடைய கைகளைப் பற்றியே பேசினார். அந்தப் பேச்சுக்காக அவரை நான் மெய்யாகவே மதிக்கிறேன். அந்த மதிப்போடுதான் இதையும் கேட்கிறேன்: கடல் கடந்து வரும் செவிலியருள் விசா தேவைப்படுபவர்கள் இந்த நாட்டின் வைத்திய வசதிக்கென்று விசாவோடு ஆண்டுக்கு 400 பவுன் வீதம் தனிக் கட்டணம் செலுத்துகிறார்கள், அதை வருகிற அக்டோபரில் 624 பவுனாக உயர்த்தப் போவதாகக் கடந்த மாத வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்திருக்கிறார்கள். என் தங்கை மகளும் செலுத்தியிருக்கிறாள். உயிர் காத்தவர்கள் என்று வாயாரப் புகழ்ந்த பின்னும் அவர்களிடம் இந்தக் கட்டணத்தை வசூலிக்கலாமா?

ஒரு காலத்தில் பிரதமர்களின் நோயைப் பற்றிய செய்திகளை மறைப்பதே வழக்கமாக இருந்தது. 1918 செப்டம்பரில் மான்செஸ்டர் நகரத்துக்குப் போன லாயிட் ஜார்ஜ் இன்புளூயன்சாவில் விழுந்து, நகர மண்டபத்திலேயே படுக்கை போட்டுப் பல நாட்கள் உயிருக்கு மன்றாடியபோது, நோயின் கடுமையைப் பத்திரிகைகள் வெளியிடவில்லை. 1953-இல் சர்ச்சிலுக்குப் பக்கவாதம் வந்ததையும் மறைத்தார்கள். இன்று நமக்கு உடனுக்குடன் சொல்லப்படுகிறது, பெரும்பாலும். அப்படிச் சொல்லப்படும் செய்தியைத் துவேஷத்துக்கும் துதிக்கும் மட்டுமே நாம் உபயோகிப்போமானால், மறைத்தவர்கள் செய்ததே சரி என்று ஆகிவிடும்.

தங்களிடம் என் கோரிக்கை இது. அடுத்த இதழில், இந்த இரு கடிதங்களையும் பிரசுரித்ததைக் குறித்துத் தங்கள் பெயரில் நாலு வரி எழுதுங்கள். அத்துடன், இந்த நோயில் மாண்ட நம் மக்களை, ஓட்டுநர், கடைக்காரர், செவிலியர், வைத்தியர் யாராயிருந்தாலும், அவர்கள் குடும்பத்தார் சம்மதித்தால், என்ன வேலை பார்த்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள்.

அடுத்த வீட்டு அம்மையார் பல வருஷங்களாகத் தங்கள் பத்திரிகையைப் படித்துவருகிறவர். நான் படித்து முடித்ததும் வேலிக்கு மேலாகக் கொடுப்பேன். அவருடைய கணவர் வாங்கிக்கொண்டு போவார். சென்ற இதழை நான் இன்னும் கொடுக்கவில்லை. வரும் இதழைக் கொடுக்கக்கூடியதாகச் செய்யுங்கள்.

இங்ஙனம்,
ஒரு பழைய வாசகன்
ஈஸ்ட் ஹாம், லண்டன்
21-4-2020