அந்தப் ‘பொசிட்டிவ்’ கூறுவது யாது?

பசறையிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுதியுள்ள கடிதம் இவ்வாரம் நமது பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்கின்றது. தோட்டத்திற் கொழுந்து பறிக்கும் அவருடைய பெரியம்மாவுக்குக் கழுத்தோரம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றிற்று. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் அதனை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரங்களின் பின் அறிக்கை கைக்கு வந்தது. அஃது ஆங்கிலத்தில் இருந்தமையால், படித்துச் சொல்லும் பொறுப்பு இம்மாணவியின் தலையில் விழுந்தது. ‘சி.டி. 20 பொசிட்டிவ்’, ‘சி.டி. 3 நெகட்டிவ்’, ‘கி-67 எண்பது வீதம்’ என்று அதில் வரிசையாக எழுதியிருந்ததாம். பொசிட்டிவ் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே பெரியம்மா அழத் தொடங்கிவிட்டார். எண்பது வீதம் என்றதும் லயத்திலுள்ளோர் எல்லாம் கூடிவிட்டனர். உடம்பில் எண்பது பங்கு நோய் பரவிவிட்டது என்பதே அவர்கள் கொண்ட பொருள். கிளினிக்குக்குச் செல்ல இன்னும் எட்டு நாள் இருக்கின்றது. இனிப் போய் என்ன பயன், ஒரு நாட் பேரும் வீணாகப் போகும் என்கின்றாராம் பெரியம்மா.

அவருடைய நோய் இன்னது என்றோ, அது தீரும், தீராது என்றோ கூற நாம் வைத்தியர் அல்லோம். அவரைக் கண்ணாற் கண்டவரும் அல்லோம். ஆயினும் அந்த மூன்று வரிகளின் பொருளை விளக்குவது நம்மால் இயலும். அவை கூறுவதும் லயத்தார் எண்ணியதும் வேறு வேறு.

பொசிட்டிவ் என்றால் நோய், நெகட்டிவ் என்றால் நலம் என்னும் கணக்கை நமக்குக் கற்பித்தவை டெங்குவும் கொரோனாவுமே. அந்தச் சோதனைகளில் அக்கணக்குச் சரி. இழையச் சோதனையிலோ பொசிட்டிவ் என்பது ‘இக்குறி இக்கலத்தின் மேல் இருக்கின்றது’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. நெகட்டிவ் என்றால் அக்குறி இல்லை. பூரண சுகமுள்ள ஒருவருடைய நிணநீர்க்கணுவை எடுத்துச் சோதித்தாலும் அங்கே சி.டி. 20 உள்ள கலங்களும் சி.டி. 3 உள்ள கலங்களும் நிறைந்தே இருக்கும்.

இந்தக் குறிகளைத் தேடவேண்டிய அவசியம் எவ்வாறு வந்தது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. 1845 ஆம் ஆண்டில் எடின்பரோவில் பெனெற் என்பவரும், பேர்லினில் வேர்ச்சோ என்பவரும், இறந்த நோயாளரின் இரத்தத்தில் வெண்கலங்கள் அளவுகடந்து பெருகியிருந்ததைத் தனித்தனியே கண்டு எழுதினர். வேர்ச்சோ அந்நோய்க்கு 1847 இல் ‘வெள்ளை இரத்தம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயரிட்டார். அதுவே லியூக்கேமியா. அந்நூற்றாண்டு முடியுமுன் பவுல் ஏர்லிக் என்னும் ஜேர்மானியர் சாயங்களை ஊட்டி வெண்கலங்களை வகைபிரிக்கும் வழியைக் காட்டினார். இன்றும் ‘பிளட் பிக்சர்’ என்று எழுதித்தரும் சோதனை அவர் வழிவந்ததே. எனினும் சாயத்துக்கும் ஓர் எல்லை உண்டு. முதிராத புற்றுக் கலங்கள் நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும்: ஓர் உருண்டை, அதனுள்ளே கருமையாக ஒரு கரு. எவ்வளவு தேர்ந்த கண்ணும் அங்கே தடுமாறும்.

தேயிலைத் தோட்டத்தாருக்கு இதனை எளிதில் விளக்கலாம். தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தால் எல்லாம் கறுப்பே. அது பசறைத் தூளா, மடுல்சீமைத் தூளா, ஹட்டன் பக்கத்துத் தூளா என்று பார்வையால் உரைக்க எல்லோராலும் முடியாது. முன்னாளிற் பலகைப் பெட்டியிலும் இந்நாளிற் கடதாசிச் சாக்கிலும் பொறித்துள்ள தோட்டப் பெயரும் தர எழுத்துமே அதைச் சொல்லும். நமது வெண்கலங்களின் மேலும் அவ்வாறான பொறிப்புகள் உள்ளன. அவை எழுத்துகள் அல்ல, புரதங்கள். ‘பீ’ வகைக் கலங்கள் சி.டி. 19, சி.டி. 20 என்பவற்றைத் தாங்கும். ‘ரீ’ வகைக் கலங்களுக்குச் சி.டி. 3 உரியது. என்புமச்சையில் முதிராத நிலையிலுள்ள கலங்களிற் சி.டி. 34 காணப்படும்.

கண்ணுக்குப் புலப்படாத இப்பொறிப்பைப் படிப்பது எங்ஙனம்? உடம்பினுள் அந்நியப் பொருள் புகுந்தால் அதனைத் தேடிப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை நமது உடம்பே ஆக்குகின்றது. பூட்டுக்குத் திறப்புப்போல ஒவ்வொன்றும் ஒன்றையே பற்றும். அத்தகைய எதிரியொன்றில் ஒளிரும் சாயத்தைக் கட்டி இழையத்தின்மேல் விடலாம் என்பதை 1941 இல் அமெரிக்கராகிய அல்பேட் கூன்ஸ் காட்டினார். ஆனால் ஒரே குறியை மட்டும் பற்றும் தூய எதிரியை வேண்டிய அளவு பெறும் வழி நெடுங்காலம் அகப்படவில்லை. 1975 இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்ரீன் என்னும் இருவர் அதனைக் கண்டனர். அவர்கள் செய்த காரியம் விந்தையானது. எதிரியை ஆக்கும் சுண்டெலியின் மண்ணீரற் கலம் விரைவில் இறந்துபடும். புற்றுக் கலமோ சாவறியாது பெருகும். இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டனர். பிறந்த கலம் இறவாமல் இருந்து ஒரே எதிரியை ஓயாது சுரந்தது. அவர்கள் எடுத்த புற்றுக் கலம் மயலோமா எனப்படும் இரத்தப் புற்றுக்கு உரியது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரத்தப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் கருவியை ஆக்க இரத்தப் புற்றே கைகொடுத்தது. இம்முறைக்கு அவர்கள் உரிமைப் பதிவு செய்துகொள்ளவில்லை. 1984 இல் நீல்ஸ் ஜேர்ன் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பின்னர் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் எதிரிகளை ஆக்கத் தொடங்கி, ஒரே குறிக்குப் பத்துப் பெயர் வழங்கலாயின. 1982 இல் பாரிஸ் நகரிற் கூடிய அறிஞர்கள் பெயர்களை ஒதுக்கிவிட்டு இலக்கம் கொடுத்தனர். சி.டி. என்னும் இரண்டு எழுத்தும் அதன்பின் வரும் எண்ணும் அவ்வாறு பிறந்தவை. இன்று அப்பட்டியல் 370 ஐத் தாண்டிவிட்டது. எண் பெரிதாயின் நோயும் பெரிது என்று எவரும் அஞ்சவேண்டா. வீட்டு இலக்கத்துக்கு உள்ள பொருளே அதற்கும்.

சோதனை இரு வகையில் நடைபெறும். பெரியம்மாவின் கட்டியைப் போன்ற இழையமாயின் அதனை ஃபோமலினில் இட்டுக் கெடாமற் காத்து, மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீற்றரை ஆயிரங்கூறாக்கினால் வரும் கூறுகளில் மூன்று நான்கு அளவான தடிப்பிற் சீவுவார்கள். சீவலின்மேல் எதிரியை விட்டுக் கழுவி, நிறமூட்டும் பொருளைச் சேர்ப்பார்கள். குறி உள்ள இடம் கபில நிறம் பெறும். அக்கபிலமே பொசிட்டிவ். இரத்தமோ என்புமச்சையோ ஆயின், ஒளிரும் சாயம் ஏற்றிய கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர்க் கதிரின் முன்னே ஓடவிட்டு ஒரு பொறி எண்ணிக் கணக்கிடும். இதற்குக் கலங்கள் உயிரோடு இருத்தல் வேண்டும். ஃபோமலின் படலாகாது, ஓரிரு நாளைக்குள் ஆய்வுகூடத்தை அடைதலும் வேண்டும். பதுளையிலிருந்து கொழும்புக்குத் தரைவழியே இருநூறு கிலோமீற்றருக்கு மேல் என்பதை எண்ணினால், சில வேளைகளில் வைத்தியர் மாதிரியை அனுப்பாமல் நோயாளியையே மகரகமை அபேக்ஷா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புவதன் காரணம் விளங்கும். கைவிட்டு அனுப்புகின்றார்கள் என்று அதற்குப் பொருள் கொள்வது பிழை.

ஒரு குறியை மட்டும் பார்த்து எவரும் தீர்ப்புக் கூறார். சி.டி. 5 ‘ரீ’ கலங்களுக்கு இயல்பாக உரியது. முதியோரிடம் காணும் ஒருவகை நாட்பட்ட லியூக்கேமியாவில் அது ‘பீ’ கலத்தின் மேலும் வந்து நிற்கும். ஹொட்ஜ்கின் நோயிற் பெருங் கலங்கள் சி.டி. 30 ஐயும், பெரும்பாலும் சி.டி. 15 ஐயும் காட்டும். ஆதலாலேயே அறிக்கையில் ஐந்தும் பத்துமாக வரிகள் காணப்படுகின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்து இறுதியில் நோயியல் நிபுணர் எழுதும் முடிவுரை ஒன்றே நோயின் பெயரைச் சொல்லும். மாணவி நமக்கு எழுதிய கடிதத்தில் அந்த முடிவுரை இல்லை.

இவ்வளவு நுணுகிப் பார்ப்பது பெயர் சூட்டும் ஆசையால் அன்று. பெயர் மாறினால் மருந்தும் மாறும். சி.டி. 20 ஐயே எடுத்துக்கொள்வோம். அக்குறியைத் தேடிப் பற்றும் எதிரியையே மருந்தாக்கி, ரிற்றுக்சிமாப் என்னும் பெயரில் 1997 இல் அமெரிக்கா அனுமதித்தது. முதியோரிடம் காணும் பெருங்கல ‘பீ’ லிம்போமாவில் வழக்கமான மருந்துகளோடு இதனையும் சேர்த்தால் உயிர் தப்புவோர் தொகை கூடுகின்றது என்று பிரெஞ்சு வைத்தியர்கள் 2002 இல் வெளியிட்டனர். 2015 இல் உலக சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. சி.டி. 20 இல்லாத கலத்தில் இம்மருந்து பற்றுவதற்கு இடமில்லை. லயத்தார் கேட்டு அழுத அந்தப் பொசிட்டிவ், மருந்துக்கு ஒரு பிடி இருக்கின்றது என்று சொன்னாலும் சொல்லும்.

நமக்கு அண்மையிலும் உதாரணங்கள் உண்டு. சென்னை அடையாற்றிலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954 இல் எழுந்த புற்றுநோய் நிலையத்தினர், சிறுவரைப் பெரிதும் தாக்கும் கடும் நிணநீர் லியூக்கேமியாவை இக்குறிகளாற் பிரித்துப் பார்த்தபொழுது, ‘ரீ’ வகையினர் மேனாட்டிற் காண்பதைவிட அங்கே மிகுதி என்று கண்டனர். அவ்வகைக்குச் சிகிச்சை திட்டமிடும் முறை வேறாகலாம். மேனாட்டுக் கணக்கை அப்படியே எடுத்தாள முடியாது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது இன்னும் சுவையானது. கடும் லியூக்கேமியாவில் ஒரு வகை இரத்தப் பெருக்கினாற் சில நாட்களிலேயே உயிரைக் கொள்ளைகொள்ளும். குறிகளும் நிறவுருச் சோதனையும் அதனை இனங்காட்டுகின்றன. வேலூர் வைத்தியர்கள் அவ்வகையினருக்கு ஆசனிக்கு மருந்து ஒன்றையே கொடுத்து, 72 பேரின் விவரங்களை 2006 இல் வெளியிட்டனர். பெரும்பாலோர் நோய் நீங்கினர். அந்நலம் நிலைத்தும் நின்றது. பிற வகை லியூக்கேமியாக்களுக்கு அம்மருந்து இவ்வாறு உதவாது. ஆசனிக்கு என்பது பாஷாணமே. நாட்டு மருந்துக் கடையிற் பாஷாணம் கேட்கப் போகாதிருக்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்கின்றோம்.

கி-67 இன் கதை சிறியது. ஜேர்மனியின் கீல் நகரத்து ஆய்வுகூடத்தில் 67 ஆம் இலக்கமிட்ட குழியிற் கிடைத்த எதிரி அது, பெயரும் அதனாலேயே. பிரியும் நிலையிலுள்ள கலங்களை மட்டும் அது காட்டும். எண்பது வீதம் என்றால், அந்தச் சீவலிற் பார்த்த புற்றுக் கலங்களில் நூற்றுக்கு எண்பது பிரிந்துகொண்டிருந்தன என்பதே பொருள். உடம்பில் எத்துணை இடத்தில் நோய் பரவியது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பரவலை ஸ்கேன் முதலியவற்றாற் பார்ப்பார்கள். வேகமாகப் பெருகும் நோய் பொல்லாதது என்பது உண்மையே. எனினும் லிம்போமாக்களில் அத்தகையன பல மருந்துக்கு நன்றாக மசிந்து முற்றாகக் குணமாவதும் உண்டு. அவ்வாறான நோய் காத்திருக்காது. எட்டாம் நாட் கிளினிக்கைத் தவறவிடலாகாது. ஒரு நாட் பேர் போனாற் போகட்டும்.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் தோட்டத்து நேயர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கின்றது. கழுத்துக் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்று அல்ல. சொத்தைப் பல், தொண்டைப் புண், தலைச் சிரங்கு ஆகியவற்றாற் சிறுவருக்குக் கணு வீங்குவது வழக்கம். காசநோயும் கழுத்திற் கட்டியாக வரும். நம் முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் அதனையே. காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு ஆகிய மூன்றும் காசத்திலும் உண்டு, லிம்போமாவிலும் உண்டு. வெளியே தடவிப் பார்த்து இரண்டையும் பிரிக்க இயலாது. சில வாரங்களாகியும் வற்றாத கட்டியை வெட்டிச் சோதிக்க வேண்டும் என்று வைத்தியர் கூறினால் மறுக்கலாகாது. ‘கத்தி பட்டாற் பரவிவிடும்’ என்ற பேச்சினால் எத்தனையோ பேர் மாதங்களை இழந்திருக்கின்றனர்.

அதனினும் கேடானது, சோதனைக்கு முன்னரே கடையிற் குளிசை வாங்கி விழுங்குவது. பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரெரோயிட்டுக் குளிசைகள் நிணநீர்க் கலங்களைத் தற்காலிகமாக அழித்துவிடும். கட்டி கரையும், காய்ச்சல் தணியும், குடும்பம் மகிழும். சில வாரங்களில் நோய் மீண்டெழும். அப்பொழுது வெட்டிப் பார்த்தாற் குறிகளைப் படிக்கப் போதிய கலங்கள் இராமற் போகலாம். எந்தக் குளிசையை எப்பொழுது விழுங்கினோம் என்பதை மறையாது வைத்தியரிடம் சொல்லிவிடுதல் நன்று. உறையையும் கையோடு கொண்டு செல்லலாம்.

பெரியம்மாவின் இழையம் பதித்த மெழுகுக் கட்டியை ஆய்வுகூடத்தார் எறிந்துவிடமாட்டார்கள். வேறொரு வைத்தியசாலைக்கு மாற்றினாலும், இன்னொரு குறியைப் பார்க்கவேண்டும் என்றாலும், அதிலிருந்தே புதிதாகச் சீவிக்கொள்ளலாம். மீண்டும் கழுத்தை வெட்டவேண்டிய தேவை பல வேளைகளில் இராது. அதற்கு வேண்டியது அறிக்கையின் மேல் எழுதியுள்ள இலக்கம். மாணவி அவ்விலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, மூலத்தாளை மடிக்காமல் ஓர் உறையிலிட்டு, பெரியம்மாவோடு கிளினிக்குக்குத் தாமும் செல்வாராக. அங்கே கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: முடிவுரையில் எழுதியுள்ள நோயின் பெயர் யாது? அதற்குரிய மருந்து எந்த நாளில் தொடங்கும்?