ஜிப் எழுதும் நண்பர்கள் கவனத்திற்கு...

புரோகிராமிங் லேபில் நம்மில் பலரும் ஒருமுறையாவது இதைச் செய்திருப்போம். பத்து ஃபைலை ஒன்றாகக் கட்டி, ஒரே ஜிப்பாகப் பிரவுசருக்கு அனுப்ப வேண்டும். ஜாவாவில் ஜிப்அவுட்புட்ஸ்ட்ரீமை எடுத்து, ரெஸ்பான்ஸின் ஸ்ட்ரீமை அதற்குள் மாட்டி, ஒவ்வொரு ஃபைலுக்கும் புட்நெக்ஸ்ட்என்ட்ரி, ரைட், க்ளோஸ்என்ட்ரி... முடிந்தது வேலை! டிஸ்க்கில் தற்காலிக ஃபைல் இல்லை, மெமரியும் நிறையவில்லை. "கலக்கிட்டே மாப்ளே!" என்று பக்கத்து சீட்டுக்காரன் தோளில் தட்டுவான். அந்தத் தட்டலில் எனக்குப் பாதிதான் சம்மதம்.

ஸ்ட்ரீம் என்பது காரவள்ளியில் புறப்பட்டு எங்கள் மலைக்கு ஏறுகிற வண்டி மாதிரி. 70 கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவது வளைவில் நின்றுகொண்டு, "அடடா, முதல் மூட்டைக்கு எடை எழுத மறந்துட்டேனே" என்று சொன்னால் யார் வண்டியைத் திருப்புவார்கள்? ஜிப்பின் சிக்கலும் இதுதான். 1989-ல் பில் காட்ஸ் பிகேஜிப்பை வெளியிட்டபோது வகுத்த அமைப்பில், ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் 30 பைட் தலைப்பு உண்டு. சுருக்கிய அளவு, உண்மையான அளவு, சிஆர்சி மூன்றும் அதில் வரவேண்டும். ஆனால் சுருக்கி முடித்தால்தானே அளவே தெரியும்! டிஸ்க் என்றால் பின்னால் போய் எழுதிவிடலாம். நெட்வொர்க்கில் போன பைட் போனதுதான்.

இதற்கு ஜிப்பிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தலைப்பில் ஒரு பிட்டை ஏற்றிவிட்டு, "எடையைப் பிறகு எழுதுகிறேன்" என்று சொல்லிவிடலாம். ஃபைல் முடிந்ததும் அளவும் சிஆர்சியும் அதன் வாலில் வரும். ஜாவாவில் 1997-ல் ஜேடிகே 1.1 வந்ததிலிருந்தே இப்படி எழுத முடியும். பைத்தானின் ஜிப்ஃபைல் லைப்ரரி பின்னால் போக முடியாத ஸ்ட்ரீமில் எழுதக் கற்றது 2015-ல், 3.5 பதிப்பில்தான். டார் ஆசாமியோ கறார்ப் பேர்வழி. எடையை முன்னாடியே சொல், இல்லாவிட்டால் மூட்டையை ஏற்ற மாட்டேன் என்பான்.

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன். ஜிப்பின் மொத்த அட்டவணை எங்கே இருக்கிறது தெரியுமா? கடைசியில்! எந்த ஃபைல் எந்த இடத்தில் என்கிற விவரமெல்லாம் வாலில்தான். பாதியில் அறுந்த டார்.ஜிஇசட் என்றால் அறுந்த இடம் வரையிலான ஃபைல்களைப் பிரித்து எடுத்துவிடலாம். பாதியில் அறுந்த ஜிப்பைப் போனில் தொட்டால் "திறக்க முடியவில்லை" என்ற ஒரே பதில்தான். ரிப்பேர் செய்யும் கருவிகள் தனியாக உண்டு.

எடப்புளி நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மேட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு, மேகம் இறங்கினால் அதுவும் போச்சு. ஒரு இணையதளத்தில் பழைய கேள்வித்தாள்களை "மொத்தமாக இறக்கு" என்று ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். 80 எம்பி இறங்கி அறுந்தது. மறுபடி அழுத்தினால் பூஜ்யத்திலிருந்து! காரணம் நம்ம ஸ்ட்ரீம்தான். பறக்கிற போக்கில் கட்டுகிற ஜிப்புக்கு மொத்த நீளம் சர்வருக்கே தெரியாது. நீளம் தெரியாததால் இத்தனை சதவீதம் என்று காட்ட முடியாது. விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியில்லை. சர்வருக்கு மிச்சமான மெமரிக்கு எங்கள் டேட்டா பேக் கப்பம் கட்டுகிறது.

"அப்போ டிஸ்க்கிலேயே கட்டி வைக்கலாமே?" என்பீர்கள். எல்லோருக்கும் ஒரே கட்டு என்றால் தாராளமாக வைக்கலாம், அதுதான் நல்லது. ஒவ்வொருவரும் வேறு வேறு ஃபைலைத் தேர்ந்தெடுத்தால்தான் ஸ்ட்ரீமுக்கு வேலை. அப்போதும் ஒரு வழி இருக்கிறது. ஏனோ லேபில் யாரும் சொல்வதில்லை. பிடிஎஃப்பும் ஜேபெக் படமும் பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றை மறுபடி சுருக்கி என்ன லாபம்? சுருக்காமல் "ஸ்டோர்ட்" முறையில் வைத்தால் நீளத்தைக் கையாலேயே கணக்குப் போடலாம். கூடுதல் விவரம் எதுவும் சேர்க்காவிட்டால், ஃபைல் ஒன்றுக்கு முன்தலைப்பு 30, அட்டவணையில் 46, பெயர் இரண்டு தடவை, கடைசியில் ஒரே ஒரு 22 பைட். பன்னிரண்டு ஆங்கில எழுத்துப் பெயரோடு 40 ஃபைல் என்றால் கூடுதல் சுமை 4,022 பைட், அவ்வளவுதான். (தமிழில் பெயர் வைத்தால் 'க'வுக்கு 3 பைட், 'கி'க்கு 6 என்று கூட்டிக்கொள்ளுங்கள்.) 4 ஜிபி தாண்டினால் ஜிப்64 கணக்கு வேறு, அதை விடுங்கள்.

இதற்கு ஒவ்வொரு ஃபைலின் சிஆர்சியும் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஜாவா சும்மா விடாது, ஸ்டோர்ட் என்று சொல்லிவிட்டு அளவும் சிஆர்சியும் தராவிட்டால் எக்ஸப்ஷன் எறியும். ஃபைலை அப்லோட் செய்யும்போதே ஒருமுறை கணக்கிட்டு டேட்டாபேஸில் வைத்துக்கொண்டால் போதும். பிறகு எந்த பைட் எங்கே வரும் என்பது தெரிந்த விஷயம். நடுவிலிருந்து கேட்டாலும் கொடுக்கலாம். என்ஜின்எக்ஸ் சர்வருக்கான மாட்-ஜிப் செய்வது இதைத்தான். என்ட்ரியின் தேதியை மட்டும் ஒவ்வொரு முறையும் "இப்போது" என்று மாற்றி எழுதிவிடாதீர்கள், முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒட்டாது.

இன்னொன்று. ஸ்ட்ரீம் நடுவில் ஒரு ஃபைலைப் படிக்க முடியாமல் போனால் 500 என்று சொல்ல வழியில்லை, 200 ஏற்கெனவே போய்விட்டது. அந்த நேரத்தில் நம்ம ஆட்கள் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு, ஃபினிஷ் போட்டு அழகாக அட்டவணையை எழுதி முடித்துவிடுகிறார்கள். வாங்குகிறவனுக்கு நல்ல ஜிப் மாதிரியே தெரியும், உள்ளே மூன்று ஃபைல் குறையும். இதற்கு இணைப்பை அறுத்துவிடுவதே மேல். குறைந்தபட்சம் கெட்டது என்றாவது அவனுக்குத் தெரியும்.

நம் லேப் ரெக்கார்டில் இந்தப் பயிற்சிக்கு "அவுட்புட் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குகிறோமே, அதோடு இன்னொரு வரியும் வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாதி இறங்கியதும் வயரைப் பிடுங்க வேண்டும். திரும்பச் செருகினால் மீதிப் பாதி மட்டும் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடட்டும்.