மேலே நிற்கும் பாப்பாவுக்குப் பின்னால் யார்?

'சியர்லீடிங்' என்றதும் 2008-ல் ஐ.பி.எல் பவுண்டரி ஓரம் ஆடியவர்கள்தான் ஞாபகம் வருவார்கள், இல்லையா? ஆனால், அது முழுநேரப் போட்டி விளையாட்டும்கூட. 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது.

இதில் அணிகளை லெவல் வாரியாகப் பிரிப்பார்கள். லெவல் 1-ல் தரையில் உருளலாம், கையூன்றிப் பக்கவாட்டில் சுழலலாம். அந்தரத்தில் பல்டி? கூடவே கூடாது.

சிக்கல் கோச்சிடம்தான். பல்டி அடித்தே பழகியவர், லெவல் 1 பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வந்தால், 'உருளுறதெல்லாம் ஒரு வித்தையா?' என்று தோன்றும். தான் முதன்முதலில் உருளப் பழகியது அவருக்கே மறந்துபோயிருக்கும். சீக்கிரமே, "இன்னும் மேல தூக்குங்க" என்பார். விதியை மீறினால் மார்க் போகும், போகட்டும். தாங்குகிற பிள்ளையின் முழங்கை மடங்கினால்?

அதற்குத்தான் பின்னால் ஒருவர், 'பேக் ஸ்பாட்'. மேலே நிற்பவரின் தலை, கழுத்தைக் காப்பதுதான் அவர் வேலை. கைதட்டல் என்னவோ மேலே நிற்பவருக்குத்தான்!

வில்லியனூர், பாகூர் பக்கம் ஆண்டு விழாவுக்குப் பிரமிடு கட்டச் சொல்லித்தரும் பி.டி சாருக்கும் இதே கணக்குதான். மொபைலில் வீடியோ எடுக்கும் அம்மா, அப்பாக்களே... அடுத்த தடவை ஒத்திகைக்கே போய், உங்கள் பாப்பாவுக்குப் பின்னால் ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், சாரிடம் கேளுங்கள்.